ஒன்றரை அடி மெஷினும் ஐந்தடி உலக்கையும்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் தேடிப் போய் எடுத்ததல்ல. ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில் காலில் தட்டியது.

அருப்புக்கோட்டையில் வீட்டில் வைத்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஒரு அம்மாவிடம் என் மனைவி துணி கொடுத்திருந்தாள். வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினாள். நான் போனபோது அந்த அம்மா, தைத்து முடித்த துணியை மேஜையில் விரித்து, தையலின் மேல் ஒரு உருட்டுக் கட்டையை அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டிக்குப் பதிலாம். கட்டை நல்ல கருஞ்சிவப்பு. கடையில் விற்கிற சப்பாத்திக் கட்டைக்கு அந்த நிறமும் கிடையாது, அந்தக் கனமும் கிடையாது.

"என்ன மரம்மா இது?" என்று கேட்டேன்.

"ஒலக்க."

"ஒலக்கையா?"

"ஒலக்கதான். நாந்தான் மெஷின்ல கடைஞ்சேன். அதப்பத்தி மட்டும் கேக்காதீக சார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு. அந்த அம்மாவின் பெயர் ரேணுகாதேவி இல்லை. அவருக்கு நாத்தனார் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கே அவர் இதைப் படித்துவிட்டு என் மனைவியின் ஜாக்கெட்டுக்குக் கையை இறுக்கி வைத்துவிட்டால், நான் சொன்னதற்கு நீங்கள்தான் சாட்சி.

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

'ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுவாமிதாஸ் பொழுது போகாமல் ஒரு கடைசல் மெஷின் வாங்கி—'

நிறுத்திவிட்டேன். ஓய்வுபெற்ற ஆம்பிளைகளுக்குப் பொழுது போகாததெல்லாம் ஒரு கதையா? சுவாமிதாஸ் சார் போய் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

இரண்டாவது ஆரம்பம்:

'சுழலும் மரத்தில் உளியின் முனை பட்ட கணத்தில் அவளுக்குத் தன் வாழ்க்கை முழுவதும்—'

இதையும் அடித்தேன். சுழலும் மரத்தில் உளி பட்டால் யாருக்கும் வாழ்க்கை ஞாபகம் வராது. கண்ணில் தூசிதான் விழும்.

மூன்றாவது நின்றது. நின்றதற்குக் காரணம் அதில் அலங்காரம் இல்லை என்பதுதான்:

'ரேணுகாதேவி கை வளையல்களைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.'

கல்யாணமான பெண் வளையல் இல்லாமல் நின்றால் மூளிக்கை என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஆனால் வேகமாகச் சுற்றுகிற மெஷினுக்கு முன்னால் வளையல் ஆகாது, முந்தானை ஆகாது, தொங்குகிற தாலிச்செயின் ஆகவே ஆகாது. எதைப் பிடித்தாலும் அது நம்மையும் சேர்த்துச் சுற்றிவிடும். ஆகவே ரேணுகாதேவி சுடிதாருக்கு மேலே புருஷனின் அரைக்கைச் சட்டையைப் போட்டு, தாலியை உள்ளே விட்டு, தலையில் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொல்லையில் தகரக் கூரைக்கு அடியில் நின்றாள்.

அடுத்த வீட்டுச் சந்தனம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, எல்லாம் மாட்டியிருக்க. வண்டிய எங்க?"

* சந்தனம்மாளுக்கு இந்தக் கதையில் வேறு வேலை இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் அவரை வைத்திருக்கிறேன்.

3

ரேணுகாதேவிக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தையல். ஊரில் பாதிப் பெண்களின் தோள் அளவும் கை அளவும் அவளுக்கு மனப்பாடம். புருஷன் மாரிக்கண்ணன் சின்ன லாரி வைத்து மதுரைக்கு லோடு அடிக்கிறவன். ஒரே பையன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான்.

மெஷின் வந்தது மாரிக்கண்ணன் லாரியில், மதுரையிலிருந்து திரும்புகிற வழியில். கட்டில், நாற்காலி செய்கிற ஒரு பட்டறைக்காரர் இடத்தைக் காலி செய்யும்போது, பெரிய மெஷின்களையெல்லாம் யாரோ கொண்டுபோய்விட, ஒரு குட்டிக் கடைசல் மெஷின் மட்டும் மூலையில் கிடந்ததாம். வீட்டில் நிறுத்தி வைத்துவிட்டு அவன் சொன்னான்:

"போன்ல வெள்ளத் தாடிக்காரன் ஒருத்தன் கட்டையச் சுத்த விட்டுக் கிண்ணம் செய்யிறத வாயப் பொளந்துக்கிட்டுப் பாப்பேல்ல? இந்தா, செய்யி."

கேலிக்குத்தான் சொன்னான். அவள் செய்யத் தொடங்கிவிட்டாள்.

ஏன் என்று நானே பலமுறை கேட்டுப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்கக் காரணம் எழுதினேன், மனச்சுமை, விடுதலை என்றெல்லாம் வந்தது, கிழித்தேன். அவளைக் கேட்டிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷமாக அவள் கை செய்ததெல்லாம் ஒருத்தியின் உடம்பு அளவுக்கு. யாரோ ஒருத்தி வந்து போட்டுப் பார்த்து, 'அக்குள்ல பிடிக்குது' என்று சொல்லாத ஒன்றைச் செய்து பார்க்க ஆசை வந்தது. அவ்வளவுதான்.

4

தொடங்கியவள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

முதலில் வேப்பங்கிளை. தெருவில் வயர் மேலே சாய்ந்ததென்று வெட்டிப் போட்டது. பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கியது. நீள நீளமாகச் சீவல் பறந்தது, முகத்தில் மரத்தண்ணீர் தெளித்தது, அவளுக்கு ஒரே சந்தோஷம். குங்குமச் சிமிழ் மாதிரி ஒன்றைக் கடைந்து ஜன்னலில் வைத்தாள். நம் ஊர் பங்குனி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிமிழ் அடுத்த வாரத்துக்குள் வாயிலிருந்து அடிவரை வெடித்துவிட்டது.

அடுத்து சீமைக்கருவேலம். திருச்சுழிப் பக்கம் அதற்குப் பஞ்சமா? கரிமூட்டம் போடுகிறவர்களிடமிருந்து மாரிக்கண்ணன் நாலைந்து கட்டை கேட்டு வாங்கி வந்தான். காய்ந்த கட்டை. ஆனால் கோணல். ஒரு முடிச்சைத் தாண்டினால் இன்னொரு முடிச்சு. மெஷினைப் போட்டதும் மேஜையே குதித்தது. உளி மரத்தைக் கடித்து, பிடி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தகரத்தில் அடித்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அவள் முதலில் மரத்தைத் திட்டினாள். அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். தையல் மெஷினில் துணியை ஊசியை நோக்கித் தள்ளிப் பழகிய கை. உளியையும் அப்படியே தள்ளியது. தள்ளக் கூடாது. உளியின் முதுகை முதலில் மரத்தில் சும்மா பட வைக்க வேண்டும். பிறகு பிடியை மெல்லத் தூக்கினால், அதன் வாய் தானாக இறங்கி மரத்தை எடுக்கும். கோணல் இருக்கும்வரை 'டக் டக் டக்' என்று தட்டும். உருண்டை ஆக ஆகச் சத்தம் அடங்கி, கடைசியில் 'உஸ்ஸ்' என்று ஒரே இழையாக வரும். அந்த உஸ்ஸுக்காகத்தான் இந்தப் பைத்தியக்காரத்தனம் முழுவதும்.

[இந்த இடத்தில் உளிகளின் வகைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, "கதையா, பாடமா?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

அவளுக்கு இப்போது தேவைப்பட்டது முடிச்சில்லாத, நேரான, நன்றாகக் காய்ந்த ஒரு கட்டை. ஏற்கெனவே உருண்டையாக இருந்தால் இன்னும் நல்லது. கழற்றி வைத்த வளையலை மாட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிப் பார்த்தாள்.

குளியலறைச் சுவரில் அது சாய்ந்து நின்றது.

5

உலக்கையைப் போலக் கடைசல் பழகுகிறவருக்கு வாய்த்த கட்டை உலகத்தில் இல்லை. யோசித்துப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரம். முடிச்சிருந்தால் அதை யாரும் உலக்கைக்கு எடுக்கவே மாட்டார்கள். வருஷக்கணக்காகக் கிடந்து காய்ந்தது. இனி வெடிக்க அதில் ஈரம் இல்லை. கடவுளே கடைசல் பழகும் பெண்களுக்காகச் செய்து வைத்தது போல.

ஒரே ஒரு குறை. அது ஐந்தடி. மெஷினின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒன்றரை அடிக் கட்டைதான் நிற்கும்.

ரேணுகாதேவி ரம்பத்தை எடுத்தாள்.

[இங்கே ஒரு வாசகி கையை உயர்த்துகிறார்: "மாமியா வீட்டு ஒலக்கைய அறுக்குறவ ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டாளா?" யோசிக்கவில்லை அம்மா. அந்த உலக்கை கிராமத்து வீட்டைக் காலி செய்தபோது அருப்புக்கோட்டைக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அது நெல்லையும் பார்க்கவில்லை, மிளகாயையும் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் கொல்லையில் தார்ப்பாய்க்கு முட்டுக் கொடுத்தது. முட்டுக் கம்பை அறுக்க யார் யோசிப்பார்கள்?]

அடிப் பக்கத்து இரும்புப் பூணைத் தட்டிக் கழற்றி, பூண் இருந்த அரையடியை வெட்டித் தள்ளிவிட்டு, மீதியை மூன்று துண்டாக அறுத்தாள். அடித்துண்டில்தான் கை பழகினாள். பழகிப் பழகி அது விளக்குமாற்றுக் குச்சி கனத்துக்கு வந்து ஒடிந்தது. தலைத்துண்டு நன்றாக வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேன்மெழுகு பூசியதும் உள்ளேயிருந்து அந்தக் கருஞ்சிவப்பு எழுந்து வந்தது. அதைத்தான் நான் அந்த மேஜையில் பார்த்தேன். (பார்த்தது வேறொருவர் மேஜையில். இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.)

மிச்சம் நடுத்துண்டு.

6

நடுத்துண்டுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தப் பகுதியை நான் ஆசை ஆசையாக எழுதினேன். அதனாலேயே இதில் ஏதோ தப்பு இருக்கும் என்றும் பட்டது. இருந்தாலும் விடுகிறேன்.

ரேணுகாதேவி வாழ்க்கைப்பட்டுப் போனது திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் ஒரு கிராமம். மாமியார் மாயக்காள். மாரிக்கண்ணனின் தங்கை காளீஸ்வரி, இவளைவிட இரண்டு வயது இளையவள். புதுப்பெண்ணாக, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஊமை மாதிரி இருந்தவளைப் பேச வைத்தது காளீஸ்வரிதான். பேச வைத்த இடம் உரலடி.

அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. குதிரைவாலி நன்றாக விளையும். விளைந்ததைச் சோறாக்குவதற்குள் தோள் கழன்றுவிடும். அவ்வளவு உமி. மத்தியான வெயிலில் மாயக்காள் புடைக்கிற சுளகோடு நிழலில் உட்கார்ந்துவிடுவார். இவர்கள் இருவரும் மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒருத்திக்குக் கை ஓய்ந்தால் உலக்கை மேலே போகிற போதே மற்றவள் வாங்கிவிடுவாள். தாளம் தப்பக் கூடாது. தப்பினால் மாயக்காள் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்தத் தாளத்துக்குள்தான் ரகசியமெல்லாம் பேசினார்கள். உலக்கை விழும் சத்தத்தில் பாதிச் சொல் முங்கிப்போகும்படி.

"நரிக்குடி பஸ்ஸு—" ணங். "கண்டக்டரு—" ணங். "இன்னைக்கும் எங்கிட்ட—" ணங். "டிக்கெட்டு கேக்கல மதினி."

"அப்புறம்?" ணங்.

"எறங்குறப்ப—" ணங். "வண்டிய நிறுத்தி—" ணங்.

"அங்க என்னடி சிரிப்பு?" இது மாயக்காள்.

கண்டக்டர் விஷயம் அந்த உரலோடு போயிற்று. காளீஸ்வரியைக் காரியாபட்டியில் கொடுத்தார்கள். நல்ல இடம்தான். அவள் போன அன்று ரேணுகாதேவி தனியாக நின்று குத்தினாள். கை ஓய்ந்ததும் பழக்கத்தில் உலக்கையை எதிர்ப்பக்கம் நீட்டினாள். வாங்க ஆள் இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையைத் தன் கல்யாணத்தில்கூட அழவில்லை.

ரேணுகாதேவிக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அம்மா அப்பா போனதும் பிறந்த வீடு என்ற ஒன்றும் போனது. மாயக்காளும் போன பிறகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் போட்டு 'மதினி, சாப்ட்டீகளா?' என்று கேட்க இந்த உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு வாய்த்த கூடப்பிறப்பு காளீஸ்வரிதான். இந்தக் கதையில் ரேணுகாதேவி எதை இழந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறதோ, அது அந்தப் போன்தான்.

7

நடுத்துண்டு கைபிடிக்கிற இடம். மற்ற இடத்தைவிட அங்கே மரம் சுற்றிலும் தேய்ந்து, இடுப்பு மாதிரி ஒடுங்கியிருந்தது. பார்த்தால் தெரியாது, பிடித்தால் தெரியும். அத்தை கை என்று ரேணுகாதேவி நினைத்தாள். மாயக்காளின் கை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துண்டை முனைகளுக்கு நடுவே இறுக்கி, மெஷினைப் போட்டாள். நேரான உருட்டுக் கட்டை வேண்டுமென்றால், தடித்த இரண்டு பக்கங்களையும் ஒடுங்கிய இடத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். இடது பக்கத்தை இறக்கினாள். புது மரம் வெளிறிய சிவப்பாக வெளியே வந்தது. ஒடுங்கிய இடம் மட்டும் உளி படாமல், கறுத்து, எண்ணெய் குடித்த மாதிரி மினுங்கியது. இன்னும் வலது பக்கம். அப்புறம் கடைசியாக ஒரே ஒரு மெல்லிய சீவல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

அப்போது மின்சாரம் போயிற்று.

* மாதப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நிறுத்தியது நான்தான். போன் மணி அவளுக்குக் கேட்க வேண்டுமே. கதைக்குள்ளே மின்சாரம் என் கையில்தான் இருக்கிறது. வெளியே என் வீட்டு மோட்டார்கூட என் பேச்சைக் கேட்பதில்லை.

போனில் காளீஸ்வரி. மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளையைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி, மூச்சு விடாமல் பேசினாள். கடைசியில்,

"மதினி, எதை மறந்தாலும் ஒலக்கைய மறந்துராதீக. நீங்கதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

ரேணுகாதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வகையறாவில் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் இடிக்கிற உலக்கை தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தாய்மாமன் பெண்டாட்டி அதற்குப் பூச்சுற்றி, தோளில் சாய்த்து, சீர்த்தட்டுகளுக்கு முன்னால் நடந்து வர வேண்டும். ஊரே தெருவில் நின்று பார்க்கும். அந்தக் குடும்பத்தில் கடைசியாகப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது காளீஸ்வரிக்குத்தான். மஞ்சள்தூள் பாக்கெட்டில் வருகிற காலத்தில் அந்த வழக்கமே ரேணுகாதேவிக்கு மறந்து போயிருந்தது.

"சரிடி" என்றாள். வேறென்ன சொல்வாள்?

8

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மாரிக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நல்ல ஒலக்கக் கொழுந்துடி நீ. அறுக்குறதுக்கு ஊருல வேற கட்டையே இல்லையா?"

"நீங்கதான மெஷினக் கொண்டாந்தீக?"

"மெஷினத்தான கொண்டாந்தேன். ரம்பத்தையும் நானா கையில குடுத்தேன்?"

ரம்பமும் அவனுடையதுதான்.

இங்கிருந்து கதையை எப்படி முடிக்கலாம் என்று நான் பார்த்த வழிகள்:

(அ) மாரிக்கண்ணன் சொன்ன வழி. சந்தையில் புது உலக்கை ஒன்றை வாங்கி, எண்ணெயும் கரியும் பூசிப் பழசாக்கிவிடுவது. எழுதியும் பார்த்தேன். ரேணுகாதேவி சந்தைக்குப் போனாள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அதே இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். தூக்கிய கைக்கே தெரிகிறது, இது அது இல்லை என்று. அவளுக்குத் தெரிந்தால் காளீஸ்வரிக்குத் தெரியாதா? அவளிடம் வேறு பொய் எத்தனையும் சொல்லலாம். கைக்குள் கொடுக்கிற பொய் முடியாது.

(ஆ) எனக்கு மிகவும் பிடித்த வழி. ரேணுகாதேவி தானே ஒரு புது உலக்கையைக் கடைகிறாள். தவறு செய்த கையே திருத்துகிறது. கண்ணீர், மன்னிப்பு, குலவை. இரண்டு பக்கம் அருமையாக வந்தது. எழுதி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த மெஷினில் ஒன்றரை அடிதான் நிற்கும் என்று. நானே எழுதிய அளவு. மெஷினை நீட்டிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

(இ) துண்டுகளைக் கம்பி வைத்து ஒட்டுவது. அடித்துண்டு சீவலாகி வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. எதை ஒட்ட?

(ஈ) உண்மையைச் சொல்லிவிடுவது. ரேணுகாதேவி தினமும் போனை எடுத்தாள். 'காளீஸ்' என்று தொடங்கி, வெயிலைப் பற்றிப் பேசி வைத்தாள். மெஷினை மட்டும் தொடவில்லை. நடுத்துண்டு இரண்டு முனைகளுக்கு நடுவே, பாதி புதுசும் பாதி பழசுமாக, அப்படியே நின்றது.

9

காளீஸ்வரியை முதல் பிரதியில் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். நாத்தனார் என்றால் நமக்கு வேறு மாதிரி எழுத வருவதில்லை. வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்; 'ஏந்தாயி ஒலக்கைய அறுத்த கை வெளங்குமா' என்று கேட்டாள். படித்தபோது வசனம் அவள் வாயில் ஒட்டவில்லை. உலக்கைச் சத்தத்துக்குள் கண்டக்டரைப் பற்றிச் சொன்னவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு மண்ணை வாரித் தூற்றத் தெரியாது.

அடித்துவிட்டேன். என்ன பேசுவாள் என்று தெரியாமலேயே அவளைச் சித்திரை மாதத்தில் ஒரு நாள் காரியாபட்டியில் பஸ் ஏற்றிவிட்டேன். முதல் பத்திரிகை அண்ணன் வீட்டுக்கு.

வந்தாள். தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை. மாரிக்கண்ணன் லோடு போயிருந்தான். ரேணுகாதேவி காப்பி போட அடுப்படிக்குப் போனாள். போகும்போதே, 'காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொல்லிவிட வேண்டும்' என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனாள். பால் பொங்கி வருவதற்குள் காளீஸ்வரி கை கால் கழுவுகிறேன் என்று கொல்லைக்குப் போய்விட்டாள்.

ரேணுகாதேவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

காளீஸ்வரி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். என்ன மெஷின் என்று கேட்கவில்லை. முனைகளுக்கு நடுவே நிற்கிற கட்டையின் ஒடுங்கிய இடத்தில் வலது கையை வைத்துச் சுற்றிப் பிடித்திருந்தாள். விரல்கள் போய் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்று.

"அறுத்துட்டேன் காளீஸ்" என்றாள் ரேணுகாதேவி. அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "முட்டுக்கம்பாத்தான நிக்குதுன்னு அறுத்துட்டேன். ஒண்ணு சீவலாப் போச்சு. ஒண்ணு உள்ள மேஜையில கெடக்கு. நீ போன் பண்ணுன அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்டி. இதுல அத்தை கை வச்ச எடம் மட்டும் அப்படியே இருக்கு. அதத் தொடல. சத்தியமாத் தொடல."

"அம்மா கையா?"

"ம்."

"அம்மா என்னைக்கு மதினி ஒலக்கையப் புடிச்சா? சொளகோட உக்காந்தா எந்திரிக்க மாட்டா. நீங்களும்தான் பாத்திருக்கீகள்ல."

"முன்ன குத்தியிருப்பாகள்ல."

"அது வேற ஒலக்க. ஒடிஞ்சு அடுப்புக்குப் போயிருச்சு. நான் சமஞ்சப்ப, என்னைய உக்கார வச்ச குச்சு வாசல்ல குறுக்க போட வீட்டுல ஒலக்க இல்லைன்னு எங்கய்யா இதப் புதுசாச் செஞ்சு வாங்கிட்டு வந்தாரு. பதினாறு நா உள்ள இருந்தேன். என்னைக்குடா பள்ளிக்கூடம் போவோம்னு இதத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிய வந்தப்ப பள்ளிக்கூடம் இல்ல. இதுதான் இருந்துச்சு." காளீஸ்வரி கட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒம்போதாப்புல கையில குடுத்தாக. கல்யாணம் பண்ணிப் போற வரைக்கும் நாந்தான். நீங்க வந்தப்புறம் நீங்களும். இது அம்மா கை இல்ல மதினி. ஏங்கை."

10

ஏழாம் பகுதியில் நான் எழுதியது தப்பு. பழைய பொருள் ஒன்று கதைக்குள் வந்தால் அதைச் செத்துப்போன ஒருவருக்குச் சொந்தமாக்கிவிடுவது எங்கள் தொழிலின் பழக்கதோஷம். உயிரோடு இருக்கிறவள் காரியாபட்டியில் இருப்பதை நான் யோசிக்கவில்லை. ஆறாம் பகுதியில் அவ்வளவு ஆசையாக எழுதினேனே, அந்த மத்தியானங்களில் ஒருத்திக்கு வகுப்பறை மணி அடித்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. திருத்தப் போவதில்லை. தப்பாக இருந்தது தெரியட்டும்.

ஆனால் சிரித்ததும் பொய்யில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் சிரித்தார்கள்.

11

ரேணுகாதேவி மெஷினுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அப்புறம் எதுக்குடி கல்யாணத்துக்கு அதக் கேட்ட? தொலஞ்சுதுன்னு விட வேண்டியதுதான?"

"எம்மக அதப் புடிக்கணும்னுதான்" என்றாள் காளீஸ்வரி. "அவ எம்மெஸ்ஸி முடிச்சவ. ஒலக்கையத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. அஞ்சு குத்து. சிரிச்சுக்கிட்டே குத்திட்டு, போட்டோக்காரன ஒரு பார்வ பாத்துட்டு, போதும்மான்னு அவளாக் கீழ வச்சுட்டுப் போகணும். யாரும் அவள இன்னுங் கொஞ்சம் குத்துன்னு சொல்லக் கூடாது. அத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்னு இருந்தேன்."

ரேணுகாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். அறுத்த அன்றைக்கு மரத்தைத்தான் அறுத்தோம் என்று நினைத்திருந்தாள்.

"இத இனி என்ன செய்வீக?" என்று காளீஸ்வரி கேட்டாள். கோபமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

"அந்தப் பக்கத்தையும் எறக்கிட்டு, கடைசியா ஒரு சீவல் ஓட்டணும். ஓட்டுனா நேரா வந்துரும்."

"ஓட்டுனா இது போயிருமா?"

"போயிரும்."

"ஓட்டலைன்னா?"

"இப்படியே இருக்கும். எதுக்கும் ஆகாது."

12

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் காளீஸ்வரி, 'ஓட்டுங்க மதினி, போகட்டும்' என்கிறாள், ரேணுகாதேவி ஓட்டுகிறாள், ஒன்பதாம் வகுப்பு சுருள் சுருளாகக் காலடியில் விழுகிறது. இன்னொன்றில் காளீஸ்வரி கட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அந்தப் பொங்கலுக்குப் போன் வரவில்லை. மூன்றாவதில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதை எழுதும்போது நானும் அழுதேன். அதனாலேயே அதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஓட்டுவதா, விடுவதா? அந்தப் பெண்ணின் பிடி போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்கள் ரேணுகாதேவிக்குச் சொல்லுங்கள், அவள் கேட்பாள். சுவிட்ச் அவள் பக்கம்தான் இருக்கிறது. மின்சாரமும் இருக்கிறது. இந்த முறை நான் நிறுத்தமாட்டேன்.

ஆனால் உடனே முடியாது. கடைசல் பழக வருகிறவருக்கு எந்தப் பட்டறையிலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கட்டையின் மேல் யாருடைய கையாவது இருக்கும்போது மெஷினைப் போடக் கூடாது.

காளீஸ்வரி இன்னும் கையை எடுக்கவில்லை.